‘மிக’ எத்தனை மில்லிமீட்டர்? ‘அதி’ எத்தனை மில்லிமீட்டர்?

ஆங்கிலம் எழுதச் சொல்லித்தரும் எவரும் ஒரு கட்டத்தில் சொல்வது இது: பெயரடைக்கு முன்னால் ‘வெரி’ போடாதே, அது எதையும் கூட்டுவதில்லை. ‘வெரி டயர்ட்’ என்பதற்குப் பதில் ‘எக்ஸாஸ்டட்’ எழுது, ‘வெரி பிக்’ வேண்டாம், ‘ஹ்யூஜ்’ போதும். நானும் வேலையிடத்தில் ஜூனியர்களின் அறிக்கைகளைத் திருத்தும்போது முதலில் கை வைப்பது ‘வெரி’ மேல்தான். பத்தில் ஒன்பது ‘வெரி’யை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் எடுக்கவே கூடாத ‘வெரி’ ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் நெல் போகும், மாடு போகும், சில சமயம் ஆளே போய்விடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கையில் வரும் ‘வெரி ஹெவி ரெயின்ஃபால்’தான் அது. அதற்கு மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி ரெயின்ஃபால்’. நமக்கு இவை ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ என்று வந்து சேர்கின்றன. (இலக்கணப்படி ‘மிகக் கனமழை’ என்று வல்லினம் மிக வேண்டும். செய்திகளில் பெரும்பாலும் மிகுவதில்லை. இங்கே செய்தியில் வருகிற மாதிரியே எழுதுகிறேன்.)

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த மூன்று சொற்களும் ரேஷன் கடை அளவுக்குப் பழக்கம். ஆனாலும் எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் ஒரு அக்கா போன பருவத்தில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். “ஏன் தம்பி, மிக பெருசா, அதி பெருசா?”

இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எண் கட்டிய அடைமொழி

சாதாரண ஆங்கிலத்தில் ‘வெரி ஹெவி’ என்றால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரைப் பொறுத்தது. வானிலைத் துறையில் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு அடைமொழிக்கும் ஒரு எல்லை உண்டு. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை ஒரு மழைமானியில் விழுந்த மழைதான் கணக்கு:

- 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை: கனமழை
- 115.6 மி.மீ. முதல் 204.4 மி.மீ. வரை: மிக கனமழை
- 204.5 மி.மீ.யும் அதற்கு மேலும்: அதி கனமழை

செய்தித்தாளில் இதையே முழு சென்டிமீட்டராக்கி 7–11, 12–20, 21-க்கு மேல் என்று போடுவார்கள்.

ஆக, அக்காவுக்கான பதில்: அதிதான் பெரிசு. ஆனால் எவ்வளவு பெரிசு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கனமழையின் தொடக்கத்தை 1 என்று வைத்துக்கொண்டால், மிக கனமழை தொடங்குவது ஏறக்குறைய 1.8-ல். அதி கனமழை தொடங்குவது 3.2-ல். அதாவது ‘எக்ஸ்ட்ரீம்லி’ என்ற ஒரே ஒரு வினையடை, பெயரடையை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிவிடுகிறது.

இன்னொன்று. இந்த எண்கள் மாறாதவையும் அல்ல. முன்பு ‘வெரி’ தொடங்கியது 124.5 மி.மீ.யில், ‘எக்ஸ்ட்ரீம்லி’ தொடங்கியது 244.5 மி.மீ.யில். பிறகு இரண்டையும் இறக்கினார்கள். 22 செ.மீ. மழை பழைய கணக்கில் ‘மிக’, இன்றைய கணக்கில் ‘அதி’. விழுந்த தண்ணீர் அதேதான். பழைய செய்திகளையும் இன்றைய செய்திகளையும் பக்கத்தில் வைத்து “அப்பல்லாம் அதி கனமழையே கிடையாது” என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காது எவ்வளவு பெருக்குகிறது?

எண் அறிக்கைக்குள் இருக்கிறது. கேட்பவர் காதில் என்ன விழுகிறது?

இதை அளந்து பார்த்த ஒரு உளவியலாளர் உண்டு. 1959-ல் நார்மன் கிளிஃப் என்பவர் ‘சைக்கலாஜிக்கல் ரெவியூ’ இதழில், வினையடைகள் பெருக்கல் எண்களைப் போல வேலை செய்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பெயரடையைத் தனியாகவும், முன்னால் ‘ஸ்லைட்லி’, ‘வெரி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ முதலானவற்றைச் சேர்த்தும் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். கிடைத்தது: ‘ஸ்லைட்லி’ பெயரடையை ஏறக்குறைய பாதியாக்குகிறது. ‘வெரி’ சுமார் ஒன்றேகால் மடங்காக்குகிறது. ‘எக்ஸ்ட்ரீம்லி’ சுமார் ஒன்றரை மடங்கு.

அது ‘நல்ல’, ‘கெட்ட’ வகைப் பெயரடைகளை வைத்துச் செய்த ஆய்வு, மழையை வைத்து அல்ல. ஆங்கிலக் காதுகளுக்கானது, தமிழ்க் காதுகளுக்கானது அல்ல. அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

- ‘வெரி’: காதில் 1.25, மழைமானியில் 1.8
- ‘எக்ஸ்ட்ரீம்லி’: காதில் 1.5, மழைமானியில் 3.2, அதற்கு மேல் வரம்பே கிடையாது

தினசரி பேச்சில் நாம் இந்தச் சொற்களை அள்ளி இறைக்கிறோம். ‘வெரி நைஸ்’, ‘எக்ஸ்ட்ரீம்லி சாரி’, ‘ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்’. தேய்ந்த நாணயம் அது. அதே நாணயத்தை வானிலைத் துறை முழு மதிப்புக்குச் செலுத்துகிறது, நாமோ தேய்ந்த மதிப்புக்கு வாங்கிக்கொள்கிறோம். என் பார்வையில் சிக்கலின் மையம் இதுதான்.

இந்தத் தேய்மானம் புதிதும் அல்ல. ‘வெரி’ என்பது பழைய பிரெஞ்சில் ‘உண்மையான’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இன்றும் பிரெஞ்சில் ‘வ்ரே’ என்றால் உண்மை. புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ‘மெய்யாலுமே கனமான’ என்று இருந்தது, தேய்ந்து தேய்ந்து ‘கொஞ்சம் கூடுதலாகக் கனமான’ ஆகிவிட்டது. நம்முடைய ‘ரொம்ப’வும் அப்படித்தான். ‘நிரம்ப’ என்பதன் பேச்சு வடிவம். நிரம்பிய குடத்துக்கு மேல் ஊற்ற இடம் இல்லை. ஆனால் இன்று ‘ரொம்ப’வுக்கு மேலும் ‘ரொம்ப ரொம்ப’ தேவைப்படுகிறது. ‘எக்ஸ்ட்ரீம்’ என்றால் கடைக்கோடி. அதற்கு அப்பால் ஒன்றும் இருக்கக் கூடாது. இருக்கிறது என்று 2024 காட்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் ஏணி இல்லை

ஆங்கிலத்தில் ‘வெரி’யைவிட ‘எக்ஸ்ட்ரீம்லி’ பெரிது என்பதாவது காதுக்குத் தெரிகிறது. தமிழில் ‘மிக’, ‘அதி’ இரண்டில் எது மேல்படி?

தொல்காப்பியத்தின் உரியியலில் நனி, தவ, உறு என்ற மூன்று உரிச்சொற்களுக்கும் பொருள் ஒன்றுதான்: மிகுதி. பின்னால் வந்த நன்னூல் இந்த மூன்றோடு கழி, கூர், சால ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. இரண்டு இலக்கணமும் இவற்றுக்குள் எது பெரிது என்று படிநிலை சொல்வதில்லை. எல்லாம் மிகுதி, அவ்வளவுதான். புலவருக்கு அது வசதி. எதுகைக்கு ஏற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மழைக்கு அது வசதியில்லை.

‘அதி’ வடமொழியிலிருந்து வந்த முன்னொட்டு. ‘கடந்த’, ‘மிஞ்சிய’ என்பது அதன் பொருள். நாம் அதை எங்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்: அதிவேகம், அதிகாலை, அதிரசம். அதிகாலை என்றால் விடிவதற்கு முன், காலைக்கு மேல்படி அல்ல. அதிரசத்தைக் கேட்டு யாரும் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் புயலில் இருக்கிறது. காற்றின் வேகத்துக்கும் வானிலைத் துறையிடம் இதேபோல ஒரு அடைமொழி ஏணி உண்டு. மணிக்கு 62 கி.மீ. முதல் ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’. 89 முதல் ‘சிவியர்’. 118 முதல் ‘வெரி சிவியர்’. 166 முதல் ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’. 221-க்கு மேல் ‘சூப்பர்’. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி புதுச்சேரி அருகே கரை கடந்த நிவர், ‘வெரி சிவியர்’ வகை. அதைப் பெரும்பாலான தமிழ்ச் செய்திகள் எப்படிச் சொன்னன? ‘அதி தீவிர புயல்’ என்று.

ஆக, புயலில் ‘வெரி’க்கு ‘அதி’. மழையில் ‘வெரி’க்கு ‘மிக’, ‘எக்ஸ்ட்ரீம்லி’க்குத்தான் ‘அதி’. ஒரே செய்தியில், ஒரே மூச்சில், “அதி தீவிர புயலால் அதி கனமழை” என்று வாசித்தால் முதல் ‘அதி’ ஒரு படி, இரண்டாவது ‘அதி’ வேறு படி. அந்த அக்காவுக்குக் குழம்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பில் சொல் வந்துவிட்டது, ஏணி வரவில்லை.

ஒலியையும் கவனியுங்கள். ரேடியோவிலோ, தெருவில் ஆட்டோவில் போகும் ஒலிபெருக்கியிலோ கேட்கும்போது காதில் விழுவது ‘கனமழை’தான். மூன்று எச்சரிக்கையிலும் அது பொது. வித்தியாசம் முழுவதும் முன்னால் நிற்கும் இரண்டு எழுத்தில் இருக்கிறது. காற்று அடிக்கும் நாளில் முதலில் காணாமல் போவதும் அந்த இரண்டு எழுத்துதான்.

ஃபெஞ்சல்: அடைமொழி இல்லாத புயல்

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், ‘வெரி சிவியர்’. பலா, முந்திரி, மின்கம்பம் என்று காற்று சாய்த்துவிட்டுப் போனதை பாகூர் பக்கம் இன்னும் பேசுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட ஃபெஞ்சல், வெறும் ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’. முன்னால் ‘சிவியர்’ கூட இல்லை. அடைமொழியை மட்டும் பார்த்தால் தானேவுக்கு இரண்டு படி கீழே.

ஆனால் ஃபெஞ்சல் நகராமல் புதுச்சேரி பக்கமே மணிக்கணக்கில் நின்றது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை சுமார் 46 செ.மீ. அதி கனமழையின் தொடக்க எல்லையைப் போல இரண்டேகால் மடங்கு. கனமழையின் தொடக்கத்தைப் போல ஏழு மடங்கு.

இங்கே இரண்டு விஷயம் உடைகிறது. ஒன்று, புயலின் அடைமொழி காற்றை மட்டும்தான் அளக்கிறது, தண்ணீரை அல்ல. “சாதாரண புயல்தானே” என்பதில் ‘சாதாரண’ நாமாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு, மழை ஏணியின் கடைசிப் படிக்குக் கூரை இல்லை. 21 செ.மீ.யும் ‘அதி’தான், 46 செ.மீ.யும் ‘அதி’தான். கீழே, 7-க்கும் 21-க்கும் நடுவே இரண்டு சொல் வைத்திருக்கிறோம். மேலே, 21-லிருந்து 46 வரை ஒரே சொல்.

மூன்றாவதாக, ஆறு. மறுநாள் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் தென்பெண்ணைக்குத்தான் வரும். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். தென்பெண்ணையின் கீழ்க்கோடியில் இருப்பது பாகூர் கொம்யூன். கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் வந்தபோது அங்கே மேலே வானம் ஓய்ந்திருந்தது. வில்லியனூருக்கு சங்கராபரணியும் வீடூர் அணையும் இதே மாதிரி. புதுச்சேரிக்கான மழை அறிக்கையில் எந்த அடைமொழி இருந்தாலும், எங்கோ மேற்கே இருக்கும் ஊரின் அடைமொழி இரண்டு நாள் கழித்து நம் வாசலுக்கு வரும். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஊரின் நினைவை அளக்கும் ஒரு சொல்

வானிலைத் துறையின் சொல்விளக்கத்தில் இன்னொரு அடைமொழி இருக்கிறது. அதிகம் பேர் கவனிப்பதில்லை. ‘எக்ஸப்ஷனலி ஹெவி’. இதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான எண் இல்லை. ஒரு மழைமானியில் அந்த மாதத்தில் அல்லது அந்தப் பருவத்தில் இதுவரை பதிவான உச்ச அளவுக்கு அருகே மழை பெய்தால் அந்தச் சொல். ஒரே நிபந்தனை, 12 செ.மீ.யைத் தாண்டியிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வரையறை இது. சிரபுஞ்சியில் 25 செ.மீ. பெய்தால் ஆள் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார். அதே அளவு ராஜஸ்தானில் பெய்தால் ஊர் நிலைகுலைந்துவிடும். ‘கனமான’ என்பதே எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வியைக் கேட்கும் பெயரடை. ‘எக்ஸப்ஷனலி’ மட்டும்தான் அந்தக் கேள்விக்கு ‘உன் ஊரோடு ஒப்பிட்டு’ என்று பதில் சொல்கிறது.

சொல்லை எதில் கட்டுவது?

சொல்லை அவிழ்ந்துபோகாமல் கட்டிவைக்க மூன்று வழி உண்டு.

முதல் வழி, கண்ணுக்குத் தெரிவதில் கட்டுவது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் போஃபர்ட் காற்றைப் படிப்படியாகப் பிரித்தபோது, கப்பல் எவ்வளவு பாய் விரிக்க முடியும் என்பதோடு கட்டினார். பிறகு தரைக்கு ஏற்றபடி மரக்கிளை, புகை, கூரை ஓடு என்று மாற்றினார்கள். நம் ஊரில் ‘ஒரு உழவு மழை’ என்று சொல்வதும் அதே அறிவுதான். ஒருமுறை ஏர் ஓட்ட ஈரம் போதும் என்று அர்த்தம். கேட்டவுடன் என்ன செய்யலாம் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, நிறத்தில் கட்டுவது. பிரான்ஸ் 1999 டிசம்பர் புயல்களில் அடிபட்ட பிறகு 2001-ல் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தது. நம் வானிலைத் துறையிடமும் இதே நான்கு நிறம் உண்டு. நிறம் மழையின் அளவைச் சொல்வதில்லை, நீ என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதே கதைதான். ‘வெரி கிரிட்டிக்கல்’, ‘மோஸ்ட் கிரிட்டிக்கல்’ என்று ஆளாளுக்கு எழுதியது போய், இன்று 1, 2, 3 என்று எண் போடுகிறோம். இரவு 2 மணிக்கு எழுப்பலாமா கூடாதா என்பதை அந்த எண் சொல்லும்.

மூன்றாவது வழி, சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணை எழுதுவது. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு தன் ஆங்கில அறிக்கைகளில் ‘வெரி லைக்லி’ என்றால் 90 சதவீதத்துக்கு மேல், ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்றால் 95-க்கு மேல் என்று வரையறுத்திருக்கிறது. டேவிட் புடெஸ்குவும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வரையறை தெரிந்த பிறகும் வாசகர்கள் ‘வெரி லைக்லி’யை அதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொண்டதைக் காட்டினார்கள். காது மறுபடியும் தள்ளுபடி செய்கிறது. ஆனால் சொல்லோடு சேர்த்து எண்ணையும் வாக்கியத்திலேயே எழுதியபோது புரிதல் கூடியது. எண் பின்னிணைப்பில் இருந்தால் பயனில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும்.

குழிக் கணக்கு

எனவே என் யோசனை எளிமையானது. பஞ்சாயத்துக்கு மனு எழுதினாலும், வாட்ஸ்அப்பில் எச்சரிக்கையை அனுப்பினாலும், ஆங்கிலமோ தமிழோ, ‘மிக’வுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு விளைவும் போடுங்கள். “வெரி வெரி ஹெவி ரெயின், கைண்ட்லி டேக் ஆக்‌ஷன்” என்ற மனுவைவிட, “24 மணி நேரத்தில் 18 செ.மீ., தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், 40 வீட்டுக்குள் புகுந்துவிட்டது” என்ற மனுவுக்கு எடை கூடுதல். இதில் ஒரு ‘வெரி’ கூட இல்லை.

படிக்கும்போது என்ன செய்வது? மில்லிமீட்டர் மனதில் நிற்காது. நமக்கு நிற்பது குழி. புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி, அதாவது சுமார் 53.5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். பெருக்கினால் போதும். ஒரு குழி நிலத்தில் ஒரு நாளில் விழும் தண்ணீர்:

- கனமழை தொடங்கும்போது: சுமார் 3,450 லிட்டர்
- மிக கனமழை தொடங்கும்போது: சுமார் 6,200 லிட்டர்
- அதி கனமழை தொடங்கும்போது: சுமார் 10,900 லிட்டர்
- ஃபெஞ்சல் நாளின் 46 செ.மீ.: சுமார் 24,600 லிட்டர்

12,000 லிட்டர் டேங்கர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘அதி’ என்று காதில் விழுந்தால், குறைந்தபட்சம், ஒவ்வொரு குழிக்கும் கிட்டத்தட்ட ஒரு லாரி. ஃபெஞ்சல் அன்று ஒவ்வொரு குழிக்கும் இரண்டு லாரி. நூறு குழி, அதாவது ஒரு காணி வைத்திருப்பவர் நிலத்தில் இருநூறு லாரி. வாய்க்கால் தூர்ந்திருந்தால் அந்த இருநூறும் அங்கேயே நிற்கும்.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். மிக என்றால் குறைந்தது அரை லாரி, அதி என்றால் குறைந்தது கிட்டத்தட்ட ஒரு லாரி, அதற்கு மேல் எத்தனை என்று அந்தச் சொல் சொல்லாது. “அப்போ அதின்னா மாட்டை மேட்டுக்கு ஓட்டிடணும்” என்றார். ஆமாம், அதுதான் அதன் பொருள்.